அக்காவின் முடியை நான் வேண்டிக்கொண்டது பற்றி மகளுக்கு

என் மகளுக்கு,

நீ இதைப் படிக்கும்போது என்னைவிடப் பெரியவளாக இருப்பாய். இதை எழுதும் எனக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். உனக்கு இருபத்தொரு வயது ஆன பிறகுதான் இதைக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன், ஏனென்றால் அக்காவுக்கு இப்போது அந்த வயது. நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா யார் என்றும் எனக்குத் தெரியாது. நீ மகனாகப் பிறந்துவிட்டால் மகளே என்று எழுதியதைப் பொறுத்துக்கொள், விஷயம் உனக்கும் பொதுவானதுதான். வளர்ந்த பிள்ளைகளுக்கு அம்மாக்களும் அப்பாக்களும் எழுதும் கடிதங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வரும். சந்தனம் பொட்டலம் கட்ட நம் வீட்டுக்கு வரும் பழைய தாள்களில் அவற்றைப் படித்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் பயமெல்லாம் தீர்ந்த பிறகு உட்கார்ந்து எழுதுகிறார்கள். தங்கள் தப்பைச் சொல்லும்போதுகூட அது சிரிப்பாக ஆகிவிட்ட தப்பாகத்தான் இருக்கும். எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. இந்தப் பயம் போன பிறகு எழுதினால் நானும் சின்னதாக்கித்தான் எழுதுவேன். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு, சமையலறை ஜீரோ வாட் பல்பின் கீழே, ரஃப் நோட்டில் எழுதுகிறேன்.

நம் குடும்பத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தாத்தாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுகிறோம். திருத்தணி மலைமேல் மொட்டை போடும் மண்டபத்துக்கு வெளியே அவருடைய இடம். மொட்டை போட்டுக் குளித்துவிட்டு வருகிறவர்களின் தலையில் சந்தனம் பூசி அனுப்புவது அவர் வேலை. சந்தனத்தைக் குழைப்பது அம்மா. பொட்டலம் கட்டுவது நானும் அக்காவும். அதனால் வேண்டுதல் என்பது எங்கள் வீட்டில் அரிசி பருப்பு மாதிரி சாதாரணமான ஒன்று. அதில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டிக்கொள்கிறவர் ஒருவர், தலையைக் கொடுக்கிறவர் வேறொருவர். கணவனுக்கு உடம்பு சரியானால் பிள்ளைக்கு மொட்டை, பிள்ளை பாஸானால் கணவனுக்கு மொட்டை. நைனாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அம்மா என் முடியை வேண்டிக்கொண்டாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. நைனா பிழைத்தார், எனக்கு மொட்டை விழுந்தது. வகுப்பில் ஒரு மாதம் என்னைப் பனங்காய் என்று கூப்பிட்டார்கள். என்னை ஏன் கேட்கவில்லை என்று நான் அம்மாவிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. நான் செய்தது எங்கிருந்து வந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்காவின் பெயர் மஞ்சு. தெருவில் அவளுக்குச் சிக்னல் கம்பம் என்று பெயர். நைனாவைவிட நான்கு விரல் உயரம். அரக்கோணத்தில் ஒரு துணிக்கடைக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வந்தாள். சென்ற வருடம் பள்ளிப்பட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காபி குடித்து முடித்தாள். பிறகு அக்காவை எழுப்பிக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். பிறகு மகனைக் கூப்பிட்டு அதே இடத்தில் நிறுத்தினாள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தை எல்லோரும் பார்த்தோம். அவர்கள் போன பிறகு அக்கா ஈரத்துணியால் அந்தக் கோடுகளைத் துடைத்தாள். அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டுக்குள் கொஞ்சம் கூனி நடக்க ஆரம்பித்தாள். அந்த மாதத்தில்தான் டீவியில் மாடல் தேடும் போட்டிக்கு அறிவிப்பு வந்தது. இவ்வளவு உயரத்துக்குக் குறைந்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அதில் சொன்னார்கள். அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு நிமிர்ந்து பார்த்தாள். விண்ணப்பத்தை நான்தான் பூர்த்தி செய்தேன், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால்.

நைனா ஒத்துக்கொண்டது எங்களுக்கே ஆச்சரியம். "டீவில தான காட்டப் போறாங்க, பொட்டிக்குள்ள பூட்டி வச்சிக்குவாங்களா" என்றார். அம்மா மட்டும் துணி விஷயத்தில் இரண்டு நிபந்தனை போட்டாள். சென்னையில் தேர்வு நடந்த அன்று நான் பள்ளிக்கூடம் விட்டதும் யூனிஃபார்மோடு மலைப்படி ஏறினேன். சந்நிதிக்கு முன்னால் நிற்கக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அதற்குள் கேட்க வேண்டும், கொடுக்கவும் வேண்டும். என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. என் முடி எலிவால். எங்கள் வீட்டிலேயே பெரிய பொருள் அக்காவின் பின்னல். இடுப்புக்குக் கீழே தொங்கும், பிடித்தால் கைக்குள் அடங்காது. அக்காவைத் தேர்வு செய்ய வை, அவள் தலைமுடியை மொட்டையாக உனக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் போட்டியில் அவளுக்கு எது தேவையோ அதையே கொடுத்துவிட்டேன் என்பது எனக்குப் பாதிப் படி இறங்கும்போதுதான் உறைத்தது. இரண்டு வாரம் கழித்து அக்கா தேர்வானதாகக் கடிதம் வந்தது. வீட்டில் எல்லோரும் சந்தோஷத்தில் சத்தம் போட்டார்கள். நானும் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் எங்கள் வீடு நிறைந்துவிடும். போட்டி நடத்துகிறவர்கள் அக்காவையும் மற்றப் பெண்களையும் சென்னையில் ஒரு வீட்டில் தங்க வைத்திருந்தார்கள். வாரம் ஒருத்தி வெளியேற வேண்டும். பக்கத்து வீட்டு ரேணுகா அத்தை பொதட்டூர்பேட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். சனிக்கிழமை தறியை நிறுத்திவிட்டு முதல் ஆளாக வந்து உட்காருவாள். "நடக்கறதுக்கா பரிசு? நான் தெனம் பஸ் ஸ்டாண்டு வரிக்கும் நடந்துகினு தான் கீறேன், எனக்கு எவன் குடுத்தான்?" என்பாள். ஆனால் யார் வெளியேறுவது என்று சொல்லும் நேரத்தில் அவள் கையில் இருக்கும் முறுக்கு வாய்க்குப் போகாது. அக்கா டீவியில் கூனவில்லை. நடுவர்களில் ஒருவர், இந்தப் பெண் தரையைப் பார்க்காமல் நடக்கிறாள் என்று சொன்னார். நைனா என் பக்கம் திரும்பி, "நம்ம ஊட்ல இருந்தப்ப தரையத் தான பாத்துகினு இருந்தா" என்றார்.

ஐந்தாவது சனிக்கிழமை எல்லாப் பெண்களின் தோற்றத்தையும் மாற்றப் போவதாகச் சொன்னார்கள். ஒருத்திக்கு முடியில் நிறம், ஒருத்திக்குச் சுருள். அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, பின்னலை ஒரு கையால் தூக்கி, கழுத்துக்கு மேலே வெட்டினார்கள். மற்றப் பெண்கள் அழுதார்கள். அக்கா கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள். வெட்டிய பின்னல் தரையில் கிடந்தது. ஒரு ஆயா துடைப்பத்தால் அதை ஓரமாகக் கூட்டியதையும் காட்டினார்கள். நைனாதான் முதலில் பேசினார். "நம்ம மண்டபத்துல போட்டிருந்தா சாமிக்கானா போயிருக்கும்." எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அம்மாகூடப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் கொடுத்ததாகச் சொன்ன பொருளை யாரோ பெருக்கி எடுத்துக்கொண்டு போனதை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நைனா சந்தனக் குண்டானோடு மலைப்படியில் விழுந்தார். வலது கால் எலும்பு ஒடிந்து மாவுக்கட்டு போட்டார்கள். அன்று மாலையே அம்மா நிறைவேற்றாமல் நிறுத்திவைத்த வேண்டுதல் எது என்று தேட ஆரம்பித்தாள். எங்கள் பக்கம் கஷ்டம் வந்தால் இதுதான் முதல் வேலை. அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். காவடி எடுத்தாகிவிட்டது, ஆடிக் கிருத்திகைக்குப் பால்குடம் எடுத்தாகிவிட்டது, மாமாவுக்காகக் குலதெய்வத்துக்கு நேர்ந்த ஆடு மட்டும் சந்தேகம், அதையும் கடிதம் போட்டுக் கேட்டாள். கடைசியில் என்னை எதிரில் உட்கார வைத்தாள். "நீ எதுனா வேண்டிக்கினியாடி? நல்லா யோசிச்சி சொல்லு. நைனா காலு விஷயம்." பரீட்சைக்காக நூற்றெட்டுச் சுற்று சுற்றுவதாக வேண்டிக்கொண்டேன், சுற்றிவிட்டேன் என்றேன். அது உண்மைதான். உண்மையான ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தேன். மகளே, பொய்யில் இது மோசமான வகை, ஏனென்றால் சொல்லும்போது முகம் மாறாது. உனக்கும் இந்தப் பழக்கம் வந்திருந்தால் என்னிடமிருந்து வந்திருக்கும்.

சொன்னால் அம்மா அக்காவைக் கூட்டி வந்து மொட்டை போட்டுவிடுவாள். போட்டி போய்விடும். சொல்லாவிட்டால் அடுத்து யாருக்கு என்ன ஆகுமோ என்று தெரியாது. நைனா இருமினால் எனக்குத் தூக்கிவாரிப்போடும். அக்கா இரவில் பஸ்ஸில் போகிற மாதிரி, பஸ் கவிழ்கிற மாதிரிக் கனவு வந்தது. இப்படியே அவள் கடைசி மூன்று பேரில் ஒருத்தியாக வந்துவிட்டாள். இறுதிச் சுற்று வருகிற சனிக்கிழமை. அதற்கு முன்னால் ஒரு நாள் வீட்டுக்குப் போய்வர மூன்று பேருக்கும் அனுமதி கொடுத்தார்கள். அக்கா இன்று காலை வந்தாள். குட்டை முடியைப் பார்க்கத் தெருவே வந்தது. ரேணுகா அத்தை அவளைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, "எண்ணெ மிச்சம்டி உனக்கு" என்றாள்.

சாயங்காலம் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் அக்கா தன் துணியை அலசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ செலக்ட் ஆவணும்னு நான் வேண்டிக்கினேன்க்கா."

"ஆங், தெரியும். எல்லாருந்தான் வேண்டிக்கினீங்க."

"உன் முடியத் தர்றேன்னு வேண்டிக்கினேன்."

அவள் பிழிந்துகொண்டிருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டாள். "பூமுடியா?" என்றாள். பூமுடி என்றால் மூன்று விரல் அளவு நறுக்கிக் கொடுத்தால் போதும்.

"மொட்ட."

"உன் முடி இன்னா ஆச்சி? வாடகைக்கு வுட்டிருந்தியா?"

"அது எலிவால் மாதிரி கீது. அதப் போயி சாமிக்கு எப்டித் தர்றது?"

அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டாள். சிரிப்பு நின்ற பிறகு துணியை உதறிக் கொடியில் போட்டாள். திரும்பியபோது அவள் முகம் வேறாக இருந்தது. அந்தப் பள்ளிப்பட்டு அம்மா பென்சிலோடு நின்றபோதும் அவள் முகம் இப்படித்தான் இருந்தது. "எல்லாரும் என் தலைய அளந்துகினே இருக்கீங்க" என்றாள். பிறகு, "அம்மாகிட்ட சொல்ட்டியா?" என்று கேட்டாள்.

"சொன்னா உன்னப் போவ வுடமாட்டாங்க."

"நாளைக்குக் காலைல சொல்லு. நான் பஸ் ஏறதுக்கு முன்னாடி, நான் எதிர்ல இருக்கும்போது சொல்லு. நான் போனப்புறம் சொன்னா, தெரிஞ்சிகினே ஓடிட்டான்னு ஆயிடும்."

"நீ போட்டுக்குவியா?"

"தெரியல" என்றாள்.

இப்போது அவள் கூடத்தில் தூங்குகிறாள். உண்மையில் தூங்குகிறாளா என்று தெரியவில்லை. காலையில் நான் சொல்ல வேண்டும். சொல்லிய பிறகு அக்காவின் போட்டி இருக்குமா, அக்காவுக்கு நான் தங்கையாக இருப்பேனா என்று தெரியாமல் இந்தப் பக்கத்தை முடிக்கிறேன்.

*

மறுநாள் இரவு எழுதுகிறேன். சொல்லிவிட்டேன். அம்மா இட்லித் தட்டை இறக்கி வைக்கும்போது சொன்னேன். நைனா கூடத்தில் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா பையைத் தோளில் மாட்டியிருந்தாள். நான் எதிர்பார்த்தபடி அம்மா என்னை அடிக்கவில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு அக்காவைப் பார்த்து, "மஞ்சு, பையக் கீழ வை" என்றாள்.

"இது தான். நான் தேடிகினு இருந்தது இது தான். அதான் இவரு காலு ஒடிஞ்சிது" என்றாள் அம்மா.

நைனா, "என் காலு வாழப்பழத் தோல்ல வழுக்கிச்சி. அத என் கண்ணால பாத்தேன்" என்றார்.

"தோல அங்க யாரு போட்டது?" என்று அம்மா கேட்டாள்.

அம்மா அக்காவிடம் திரும்பினாள். "சாமிக்குன்னு சொன்னதத் தலைல வச்சிகினு ஊரு பாக்க நடக்கப் போறியா? நீ போக வேணாம். மேல போயி குடுத்துட்டு வந்துடலாம். முடி தான, மொளைக்கும்."

"முடி மொளைக்கும். சனிக்கெழம மொளைக்காது" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. பையைக் கீழே வைத்தாள். உள்ளே போய் நைனாவின் சவரப் பெட்டியையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் எடுத்து வந்தாள். அம்மாவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தண்ணீரைத் தன் தலையில் தானே ஊற்றிக்கொண்டு குனிந்தாள். "போடும்மா. இங்கியே போடு. யாரோ வேண்டிக்கினதுக்கு நானா ஏறி வந்து தரமாட்டேன். உனக்கு வேணும்னா நீ எடுத்துக்க. ஆனா நான் பஸ்ஸ வுடமாட்டேன். மொட்டையோடயே போயி நடப்பேன். தள்ளிட்டாங்கன்னா தள்ளட்டும்."

அம்மா பெட்டியைத் திறந்தாள். உண்மையாகவே கத்தியை எடுத்தாள். இதை நான் மாற்றி எழுத மாட்டேன். இடது கையால் அக்காவின் பிடரியைப் பிடித்தாள். ஈர முடி ஒதுங்கியது. பிடரியில், வலது காதுக்குப் பின்னால், மிளகு அளவில் ஒரு மச்சம் இருந்தது. இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்தும் நான் அதைப் பார்த்ததில்லை. அம்மா பெருவிரலால் அதைத் தடவினாள். "இது இன்னும் கீதா" என்றாள். "நீ கைக்கொழந்தையா இருக்கும்போது பாத்தது. பின்னல் போட்ட அப்புறம் இந்தப் பக்கமே நான் பாக்கல." அக்கா நிமிரவில்லை. அவள் தலையிலிருந்து தண்ணீர் அம்மாவின் புடவையில் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா கத்தியை மடக்கிப் பெட்டியில் வைத்தாள். புடவைத் தலைப்பை எடுத்து, சின்னக் குழந்தைக்குத் துடைப்பதுபோல, அக்காவின் தலையை அழுத்தித் துவட்டினாள்.

"எழுந்திரு. பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றாள்.

அக்கா போய்விட்டாள். பஸ் ஜன்னலிலிருந்து கை காட்டினாள், அது அம்மாவுக்கா எனக்கா என்று தெரியவில்லை. பத்து மணிக்கு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினாள். வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "நீ சொன்னத நீயே போயி சொல்லு, நான் பக்கத்துல நிக்கறேன், ஆனா உனக்காகச் சொல்லமாட்டேன்" என்றாள். சந்நிதியில் நகருங்கள் நகருங்கள் என்று தள்ளினார்கள். நான் சொல்ல வேண்டியது சின்னதுதான். அக்காவின் தலை என்னுடையது இல்லை, என்னுடையது இல்லாததைக் கொடுத்தேன், அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சாமி கேட்டதற்கு அடையாளம் எதுவும் இல்லை. என்னைத் தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டார்கள்.

பயம் போகவில்லை. போயிருந்தால் உனக்குச் சொல்வேன். சனிக்கிழமை அக்கா தோற்றால் இதனால்தான் என்று எனக்குத் தோன்றும். ஜெயித்தால், வேறு எங்கே அடி விழுமோ என்று தோன்றும். ஒரு முறை இப்படிக் கணக்குப் பார்க்கப் பழகிவிட்டால் எல்லாவற்றையும் அதில் சேர்க்க முடிகிறது என்பதை இந்த இரண்டு மாதத்தில் கண்டுகொண்டேன். அம்மாவும் இப்படித்தான் பழகியிருப்பாள். அவள் கெட்டவள் இல்லை. பயந்தவள். நானும் பயந்தவள்தான், நாளைக்கு உனக்கு அம்மாவாக வரப்போகிறவளும் இதே ஆள்தான். உனக்கு ஜுரம் வரும், உன் அப்பாவுக்கு ஏதாவது வரும், நான் எங்காவது போய் நின்று கையில் கிடைத்ததைக் கொடுப்பதாகச் சொல்லிவிடுவேன். கையில் கிடைப்பது நீயாக இருக்கும். சின்ன வயதில் உன்னால் ஒன்றும் செய்ய முடியாது, அதற்கு இப்போதே மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் இதைப் படிக்கும் வயதில் உன்னால் முடியும். அக்கா குனிந்தாள், அம்மாவின் கை நின்றது. என் கை நிற்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. அதனால் நீ அக்கா மாதிரிச் செய்து பார்க்காதே. உன்னைக் கேட்காமல் உன் தலையை நான் யாருக்காவது கொடுத்திருந்தால், நான் அழுதாலும், சாமி பெயரைச் சொன்னாலும், என் முன்னால் குனியாதே.

அம்மா